இருபத்து மூன்றாம் வரியில் ஒரு பூஜ்யம்

வானவியல் என்றதும் மலையுச்சியில் நின்று தொலைநோக்கியில் கண்ணைப் பதித்துக்கொண்டிருக்கும் தாடிக்காரர் யாராவது உங்கள் நினைவுக்கு வந்தால், தயவுசெய்து அவரை அனுப்பிவிடுங்கள். அவர் எங்கள் தீவுக்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் ஒன்றும் பார்த்திருக்க மாட்டார். பினாங்கில் வருஷத்தில் பாதி நாள் மேகம். மீதிப் பாதியில் கடலுக்கு அந்தப் பக்கம் காட்டைக் கொளுத்திப் புகையை நமக்கு அனுப்பிவைப்பார்கள். எங்களிடம் இருந்தது காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நாலேகாலுக்கு முடிகிற அரசாங்க வானவியல். பொது விடுமுறை என்றால் பிரபஞ்சத்துக்கும் விடுமுறை. கூரையிலிருந்து ஏர்கோன் தண்ணீர் சொட்டும். அதற்கு அடியில் ஒரு வாளி. வாளிக்குப் பக்கத்து மேசையில் கமலாம்பிகை அக்கா உட்கார்ந்திருப்பார்.

எந்த உயர்கல்விக்கூடம் என்று கேட்காதீர்கள். எனக்கு மாதாமாதம் பென்சன் அங்கிருந்துதான் வருகிறது. வராமல் போனால் நீங்களா தருவீர்கள்? இயற்பியல் துறை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே டைப்பிஸ்ட், பெயர் ரோசலின். அக்கா கிராணி, உங்கள் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. இருபத்தெட்டு வருஷம் ஒரே மேசை, ஒரே நாற்காலி. வாளி மட்டும் மூன்று முறை மாறியது.

அக்காவின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக வந்தவர். அப்பாவும் பிறை ஸ்டேஷனில் கிராணி. அந்தக் குடும்பத்தில் ஆண் பிள்ளை பிறந்தால் கிராணி, பெண் பிள்ளை பிறந்தால் டீச்சர் என்று யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அக்காவின் விஷயத்தில் மட்டும் படிவத்தில் கோடு மாறி விழுந்துவிட்டது. கணவர் விநாசித்தம்பி அண்ணன் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். தினமும் ஃபெரி ஏறிப் போய்வருவார். எழுதி வைக்காத எதுவும் நடக்கவில்லை என்பது அவர்கள் இருவருக்கும் ஒரே மதம். கல்யாணத்தன்று தாலி கட்டிய நேரத்தை அண்ணன் ஒரு சீட்டில் குறித்துப் பையில் வைத்துக்கொண்டாராம்.

அக்கா ஆசைப்பட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். சீப் கிளார்க், அதாவது தலைமைக் கிராணி, ஆக வேண்டும். கதவு வைத்த அறை, கதவில் பெயர்ப்பலகை. நான்கு முறை நேர்முகத்துக்குப் போனார். நான்கு முறையும் அக்காவிடம் வேலை பழகிப்போனவர்கள் யாராவது அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தொண்ணூற்றெட்டில் அக்காவுக்கு ஐம்பத்து நாலு முடிந்துவிட்டது. ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் நவம்பரில் சீப் கிளார்க் இடம் காலியாகப்போகிறது, நேர்முகம் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், இதுதான் கடைசி என்று அக்கா என்னிடம் வாய்விட்டே சொன்னார். இத்தனை வருஷத்தில் தனக்காக ஒன்று வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இனி டாக்டர் ஐயாத்துரை. அவரும் அக்காவைப் போல யாழ்ப்பாண வழிதான். இங்கிலாந்தில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். வயது முப்பத்தெட்டு, பெயர் மட்டும் தாத்தாவுடையது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று தெரிந்ததும் அவருடைய அம்மா ஒரு வாரம் படுத்துவிட்டார் என்று கேள்வி. ஆனாலும் டாக்டர் டாக்டர்தானே. கந்தசாமி கோயிலில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். நட்சத்திரம் பார்க்கிறவர் என்பதால் ஜாதகமும் பார்ப்பார் என்று நம்பி இரண்டு பேர் நோட்டை நீட்டினார்கள். கல்யாண வீட்டில் கண்டால் அவர் கமலாம்பிகையை 'அக்கா' என்பார். ஆபீசில் 'மிஸஸ் விநாசித்தம்பி'. அக்காவுக்கு அவர் இரண்டு இடத்திலும் டாக்டர்தான்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அவர் எதைத் தேடினார் என்பதை நான் டைப் அடித்து அடித்தே தெரிந்துகொண்டேன். சில நட்சத்திர மண்டலங்களின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் உள்ளதையெல்லாம் விழுங்கும். விழுங்கும்போது பயங்கர வெளிச்சமும் எக்ஸ்ரேயும் கிளம்பும். சிலது இதை ஊரறியச் செய்யும். அதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். சிலது தன்னைச் சுற்றித் தூசியும் வாயுவுமாகத் திரை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் பரமசாது. சாதாரண வெளிச்சம் திரைக்குள்ளேயே அடங்கிவிடும். மென்மையான எக்ஸ்ரேயும் அப்படியே. பலமான எக்ஸ்ரே மட்டும், அதாவது கடின எக்ஸ்ரே மட்டும், திரையைத் துளைத்து வெளியே வரும்.

வானம் முழுக்க எக்ஸ்ரேயில் மங்கலாக ஓர் ஒளி பரவிக்கிடக்கிறதாம். ஊரறியத் தின்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அந்த ஒளிக்கு ஈடாகவில்லை; கடினமான பங்குதான் நிறையக் குறைகிறது. அப்படியானால் திரை கட்டிக்கொண்டு தின்பவை ஏராளம் இருக்க வேண்டும். அவை எங்கே என்றுதான் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐரோப்பியர்கள் ஏவிய ஒரு செயற்கைக்கோள் வானத்தைக் கடின எக்ஸ்ரேயில் படம் பிடித்தது. அந்தக் குழுவில் இருந்த பழைய நண்பர் ஒருவர் டாக்டருக்கு அறுபத்திரண்டு புள்ளிகளின் பட்டியலை அனுப்பி, இவையெல்லாம் என்ன என்று கண்டுபிடி என்றார். ஆனால் அந்தக் கருவி 'இங்கே' என்று விரல் வைத்துக் காட்டாது. 'இந்த வட்டத்துக்குள் எங்கேயோ' என்று கையை வீசும். ஒரு வட்டத்துக்குள் நாலு நட்சத்திரம், இரண்டு மண்டலம் என்று ஏதேதோ கிடக்கும். வானத்துப் புகைப்படத்தில் வட்டத்தைப் போட்டு, அதற்குள் ஆள் யார் என்று முடிவு செய்து, பிறகு ஆஸ்திரேலியாவில் உள்ள பெரிய தொலைநோக்கியில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். டாக்டருக்கு அங்கே செப்டம்பரில் இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு புள்ளிகளுக்கு மேல் பார்க்க முடியாது.

இதற்கு ஓர் ஆராய்ச்சி உதவியாளர் தேவை. ஆனால் அந்த வருஷம் நாட்டின் பொருளாதாரமே கவிழ்ந்து கிடந்ததால் புதிய பதவிகளையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். துறைத் தலைவர் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: எண்கள்தானே, கிராணி பார்க்கட்டும். பிரபஞ்சத்தின் அந்தப் பகுதி இப்படித்தான் கமலாம்பிகை அக்காவின் மேசைக்கு வந்தது, கழிவறைக் கதவு ரிப்பேர் ஃபைலுக்கும் லீவு ஃபாரத்துக்கும் நடுவில்.

பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள். மென் எக்ஸ்ரே எவ்வளவு, கடின எக்ஸ்ரே எவ்வளவு. ஒன்பது வரிகளில் மென் எக்ஸ்ரேக்கு நேரே பூஜ்யம்.

"மிஸஸ் விநாசித்தம்பி, ஸீரோ உள்ளதெல்லாம் மெஷின் ஃபால்ட். எடுத்துப் போட்டுடுங்க," என்றார் டாக்டர்.

எடுத்துப் போடு என்றால் போட்டுவிட அக்கா என்ன மாணவரா? அரசாங்க அலுவலகத்தில் நாங்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. கேஐவி போடுவோம். பார்வையில் வைத்திரு என்று அதற்கு அர்த்தம். நடைமுறையில், இனி ஒருவரும் பார்க்காத இடத்தில் வைத்திரு. பதவி உயர்வு மனுவா, கேஐவி. ஏர்கோன் புகாரா, கேஐவி. அதற்குள் போனது எதுவும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா அந்த ஒன்பது வரிகளையும் தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, பச்சை ஃபைலில் கோத்து அலமாரியில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து நண்பரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. பூஜ்யம் உள்ள வரிகள்தான் முக்கியம், மென்மையானது திரைக்குள் சிக்கிக் கடினமானது மட்டும் வெளியே வருகிறது என்று அதற்கு அர்த்தம், அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். டாக்டர் முகம் வெளுத்துப் போய் வந்து நின்றார்.

"அந்த ஸீரோ எல்லாம்... போட்டுட்டீங்களா?"

"கேஐவில இருக்கு டாக்டர்," என்று அக்கா பச்சை ஃபைலை எடுத்து நீட்டினார்.

மறுநாள் துறைக் கூட்டத்தில் டாக்டர் எழுந்து, பூஜ்ய வரிகளைத் தாம் ஆரம்பத்திலேயே தனியாகப் பிரித்து வைத்துவிட்டதாகச் சொன்னார். எல்லோரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த ஒன்பது வரிகள் மேல் அக்காவுக்குப் பிரியம் விழுந்துவிட்டது. மதிய இடைவேளையில் மீஹூன் பொட்டலத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, விநாசித்தம்பி அண்ணனின் ஸ்டோரிலிருந்து வந்த பூதக்கண்ணாடியால் வானத்துப் படங்களைப் பார்ப்பார். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, புரியாத இடங்களில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைப்பார். ஒரு மாதத்தில் கேள்விக்குறிகள் குறைய ஆரம்பித்தன.

ஆகஸ்டில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ரோசலின், இங்க வா. ட்வென்டி த்ரீய பாரு."

இருபத்து மூன்றாம் வரியின் படம். வட்டத்துக்கு நட்டநடுவில் நீலமாக, பளிச்சென்று ஒரு புள்ளி. டாக்டர் சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்து, 'இதுதான்' என்று எழுதியிருந்தார்.

"நல்லா இருக்கேக்கா. டாக்டர் டிக் பண்ணிட்டாரே."

"பொண்ணு பாக்கப் போறவங்க மாதிரி பளிச்சுன்னு இருக்கிறதப் பாத்து டிக் பண்ணிட்டாரு. இந்த நீலப் பயலுக்கு திரை இருக்கா சொல்லு."

"திரை இருந்தா இப்படி மின்னுவானா?"

"அதான்லா. திரை இல்லாதவன்னா சாஃப்ட் எக்ஸ்ரேயும் வந்திருக்கணும். இங்க ஸீரோ. அப்ப இவன் இல்ல."

"அப்ப யாரு?"

அக்கா வட்டத்தின் ஓரத்தைக் காட்டினார். அங்கே மங்கலாக ஒரு கீற்று சாய்ந்து கிடந்தது. அரிசியில் கிடக்கிற உமி மாதிரி இருந்தது. பக்கவாட்டில் தெரிகிற ஒரு நட்சத்திர மண்டலம்.

"பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்குல்ல?" என்றார் அக்கா. "இதுதான்."

அன்று மாலையே டாக்டரிடம் போய்ச் சொன்னார். நான் கையெழுத்துக்குக் கடிதங்களோடு அங்கேதான் நின்றேன்.

"டாக்டர், ட்வென்டி த்ரீல ஒரு சந்தேகம். சாஃப்ட்ல ஸீரோ இருக்கே, அப்ப அந்த நீலம்..."

"மிஸஸ் விநாசித்தம்பி," டாக்டர் தலையைத் தூக்கவில்லை. "நீலமா பிரைட்டா இருந்தா அது குவேசார், தின்கிற கருந்துளைதான். அதெல்லாம் பிஎச்டி விஷயம். நீங்க லிஸ்ட்ட டைப் பண்ணி ஆஸ்திரேலியாவுக்கு ஃபேக்ஸ் பண்ணுங்க, போதும்."

"சரி டாக்டர்."

ஒரு கிராணி டாக்டரை இரண்டாம் முறை மறுத்துப் பேசுவது எங்கள் அலுவலகத்தில் நடக்காது. அதிலும் அவர்கள் சமூகத்தில், இங்கிலாந்துப் பட்டத்துக்கு எதிரே நிற்பதற்கு இன்னொரு இங்கிலாந்துப் பட்டம் வேண்டும். ஆனால் வெள்ளைக்காரன் போகும்போது எங்களுக்கு ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தான். மினிட். ஃபைலின் உட்பக்கத்தில் ஒரு தாள் இருக்கும். அதில் எண் போட்டுக் கீழே இருப்பவர் எழுதுவார், மேலே இருப்பவர் பக்கத்தில் கையெழுத்துச் சுழிப்பார். சுழித்துவிட்டால் அது அலுவலகத்தின் முடிவு.

அக்கா நாற்பத்தொன்றாம் மினிட்டை நல்ல அரசாங்க மலாயில் எழுதினார். தமிழில் இப்படி வரும்: 'வரி 23. மென் எக்ஸ்ரே பூஜ்யமாக இருப்பதால் நீலப் பொருள் பொருந்தவில்லை. வட்டத்தின் ஓரத்தில் உள்ள மங்கலான மண்டலத்தை முதலிலும் நீலப் பொருளை அடுத்தும் அனுப்ப உத்தேசம். ஆட்சேபம் இல்லையெனில் வெள்ளிக்கிழமை அனுப்பப்படும்.'

எங்கள் மாடியின் தாள்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடுபவர் டாக்டர்தான்; ஃபைல் வியாழக்கிழமைக் கையெழுத்துக் கட்டோடு அவரிடம் உள்ளே போனது. லீவு ஃபாரம் ஆறு, ஃபோட்டோஸ்டாட் மசி ஆர்டர், கழிவறைக் கதவு, ஏர்கோன் புகார் பதினேழாவது நினைவூட்டல். டாக்டர் தொலைபேசியில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே பதினெட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் சிரிப்பு நிற்பதற்குள் நாற்பத்தொன்றாவது மினிட்டுக்கும் சுழி விழுந்துவிட்டது.

"அக்கா, அவர் வாசிக்கலை," என்றேன்.

"வாசிக்கிறது அவர் வேலை. எழுதுறது என் வேலை."

"நவம்பர்ல இன்டர்வியூ. பேனல்ல டாக்டரும் இருக்காரு. தெரியும்ல?"

"தெரியும்."

தெரியும் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமை ஃபேக்ஸ் மெஷினில் வைப்பதற்கு முன் தாளை மூன்று முறை வாசித்தார். தாள் முழுக்க உள்ளே போகும்வரை பக்கத்திலேயே நின்றார். இருபத்தெட்டு வருஷமாக ஒரு கமாவைக்கூடக் கேட்காமல் மாற்றாத மனுஷி.

செப்டம்பரில் டாக்டர் ஆஸ்திரேலியா போனார். அங்கே நடந்ததை அவர் கொண்டுவந்த பதிவேட்டை டைப் அடித்தபோது தெரிந்துகொண்டேன். அனுப்பிய பட்டியலின்படியே அங்கிருந்த உதவியாளர் தொலைநோக்கியைத் திருப்பியிருக்கிறார். இருபத்து மூன்று வந்ததும் திரையில் நீலப் புள்ளிக்குப் பதில் உமி. தவறான இடம் என்று டாக்டர் ஓரத்தில் எழுதியிருந்தார். நாற்பது நிமிடம் ஒளி சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள், நிறுத்தினால் நேரம் வீண் என்று விட்டுவிட்டார். நாற்பது நிமிடம் கழித்து உமியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், சாதாரண மண்டலத்தில் இருக்கவே முடியாத கோடுகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே உட்கார்ந்து ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. அடுத்து நீலப் புள்ளியைப் பார்த்தார். அது குவேசாரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நம் பக்கத்திலேயே இருக்கிற வெறும் நட்சத்திரம்.

டாக்டர் திரும்பி வந்ததும் துறைத் தலைவர் எல்லோருக்கும் கறிபாப் வாங்கிக் கொடுத்தார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். டாக்டரை வெளியே வெயிலில் நிறுத்தி, வானத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கண் கூசிக் கண்ணீர் வழிய அவர் பிரபஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது மறுநாள் மூன்றாம் பக்கத்தில் வந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் ஃபைலைக் கேட்டார். அக்காவையும் கூப்பிட்டார். எங்கள் துறையில் அறைச் சுவரெல்லாம் பலகை. மென்மையான பேச்சுகூடத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

"மிஸஸ் விநாசித்தம்பி, லிஸ்ட்ட மாத்தினது நீங்களா?"

"மினிட் போட்டேன் டாக்டர். நாற்பத்தொண்ணு."

தாள் புரளும் சத்தம்.

"நான் இத வாசிக்கலை."

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சுமா அனுப்பினீங்க?"

"ஆட்சேபம் இல்லன்னு உங்க கையெழுத்து இருந்துச்சு."

பிறகு டாக்டர் குரல் தாழ்ந்தது.

"பாருங்க அக்கா." ஆபீசுக்குள் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. நான் வாசிச்சேன், சரின்னு ஒத்துக்கிட்டேன்னு இருக்கட்டும். உங்களுக்கும் அதுதான் நல்லது. கிளார்க் தன்னிஷ்டத்துக்கு லிஸ்ட்ட மாத்தினாங்கன்னு வெளிய போச்சுன்னா டிசிப்ளின் கேஸ் ஆயிடும். நவம்பர்ல நான் பேனல்ல இருக்கேன்லா. கவலைப்படாதீங்க."

நியாயமான பேரம். நானாக இருந்தால் அங்கேயே கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அக்கா வெளியே வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

அக்டோபரில் டாக்டரின் கட்டுரை டைப்புக்கு வந்தது. மென் எக்ஸ்ரேயின் பூஜ்ய மதிப்பை ஆசிரியர் கவனித்து மங்கலான மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கடைசியில் நன்றி. ஐரோப்பிய நண்பருக்கு, ஆஸ்திரேலிய உதவியாளருக்கு, ஊக்கமளித்த துறைத் தலைவருக்கு, சீராகத் தட்டச்சு செய்த எனக்கு. ஃபைல்களைப் பராமரித்தமைக்காகத் திருமதி விநாசித்தம்பிக்கு. அந்தப் பக்கத்தைக் கிழித்து வாளிக்குள் போட எனக்குக் கை துடித்தது. அக்கா முழுவதையும் வாசித்து, ஓர் இடத்தில் அரைப்புள்ளி சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் பதினேழு, நேர்முகம். பேனலில் மூன்று பேர். தலைவர் பதிவாளர் அலுவலகத்து நோர்மா, நிதிப் பிரிவிலிருந்து தங்கராஜு, பிறகு டாக்டர். நடப்பதைக் குறிப்பெடுக்க நான். அக்கா பழுப்புப் பட்டுச்சேலையில் வந்து, மடியில் சான்றிதழ் உறையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். நடைமுறைகளைப் பற்றிக் கேட்டார்கள். சுற்றறிக்கை எண், தேதி சகிதம் பதில் வந்தது. ஓரிடத்தில் தங்கராஜு சொன்ன விதியையே திருத்தினார். நோர்மா சிரித்துவிட்டார். நான் மனதுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன், இதோடு விட்டுவிடுங்கள் என்று.

நோர்மா கடைசிக் கேள்வியைக் கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். "இத்தனை வருஷ வேலையில் எப்போதாவது மேலதிகாரியின் உத்தரவு இல்லாமல் நடந்திருக்கிறீர்களா?" இல்லை புவான், அதாவது இல்லை மேடம், என்று சொல்லிவிட்டு எழுந்துபோக வேண்டியது. கேள்வி இருப்பதே அதற்குத்தான்.

அக்கா மடியில் இருந்த உறையை நேராக்கினார். டாக்டர் முந்திக்கொண்டார்.

"அதற்கு ஒரு நல்ல உதாரணமே இருக்கிறது, புவான். என் ஆராய்ச்சியில் இவர் ஒரு யோசனையை முறைப்படி மினிட்டில் எழுதினார். நான் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுப்பினார். விதியை மீறாதவர்."

நோர்மா திருப்தியாகத் தலையசைத்து ஏதோ டிக் செய்தார். அறை கிடைத்துவிட்டது, கதவு கிடைத்துவிட்டது, பெயர்ப்பலகைக்கு எழுத்துக்கூட எழுதிவிடலாம். அக்கா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

"டாக்டர் நல்லவர், புவான்," என்றார் அக்கா, கச்சிதமான மலாயில். "எனக்கு உதவி செய்யப் பார்க்கிறார். ஆனால் அவர் அதை வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் வெட்டியிருப்பார். அவர் தேர்ந்தெடுத்தது வேறு. அந்த மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அவர் வாசிக்கவில்லை என்று தெரிந்தே அனுப்பியதும் நான்தான்."

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தாராளமாக இருக்க முயன்றார், அதையும் ஒரு கிராணி திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"ரோசலின், எழுதிக்கிட்டியா?"

எழுதினேன். கண் மறைத்தது, இருந்தாலும் எழுதினேன்.

இடம் மாணவர் விடுதி அலுவலகத்து சித்தி ஆயிஷா என்பவளுக்குப் போனது. நல்ல பெண். அவளைத் திட்ட மனசு வரவில்லை; முயற்சி செய்து பார்த்தேன். ஆறு மாதத்தில் ஓய்வு பெறுகிறவர் என்பதால் அக்காவின் மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டாம் என்று பெரிய மனதோடு விட்டுவிட்டார்கள். மறுப்புக் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். நோர்மா கையெழுத்திட்டு முத்திரை குத்தியதும் அக்காவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டாம் பத்தி இது:

'வரி 23க்குரிய மண்டலத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்ததாகவும், மேலதிகாரியின் தேர்வு வேறாக இருந்ததாகவும், அவருடைய கவனத்துக்கு வராமலேயே அதை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியதாகவும் தாங்கள் ஒப்புக்கொண்டதை இக்குழு பதிவு செய்கிறது. இக்காரணத்தால் தங்களைப் பரிந்துரைக்க இயலவில்லை.'

அக்கா அதை இரண்டு முறை வாசித்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"உங்களுக்குப் பைத்தியமாக்கா? வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் அந்த ரூம்ல உக்காந்திருப்பீங்க!"

"நான்தான்னு கட்டுரைல வராது ரோசலின். கேன்டீன்ல சொன்னா கதைம்பாங்க. பேனல்ல சொன்னா நீ எழுதுற மினிட்ஸ்ல ஏறும். மினிட்ஸ்ல ஏறினா கடுதாசில வந்தாகணும்."

"அதுக்காக சீப் கிளார்க்க விட்டீங்களா?"

"ஆசையாத்தான் இருந்துச்சு." அக்காவின் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "ரொம்ப ஆசையா இருந்துச்சு. ஆனா அந்த நாற்காலில எனக்கு முன்ன எத்தனையோ பேர் உக்காந்தாச்சு, இனியும் உக்காருவாங்க. ட்வென்டி த்ரீ அந்த மங்கல்தான்னு கண்டது நான் ஒருத்திதான். அத 'வாசிச்சேன், ஒத்துக்கிட்டேன்'னு இன்னொருத்தர் சொன்னா நான் எப்படித் தலையாட்டுறது?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். ஃபோட்டோஸ்டாட் மெஷினில் கடிதத்தை ஒரு நகல் எடுத்தார். அசல் வீட்டுக்கு, நகல் பச்சை ஃபைலுக்கு. ஆனால் நகல் ஃபைலில் ஏற வேண்டுமானால், அசலைப் பார்த்தேன், நகல் சரி என்று மேல்நிலை அதிகாரி ஒருவர் முத்திரை குத்திக் கையெழுத்திட வேண்டும். எங்கள் மாடியில் அந்தத் தகுதி உள்ளவர் ஒரே ஒருவர்தான்.

நானும் பின்னாலேயே போனேன். அக்கா இரண்டு தாள்களையும் டாக்டரின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ட்ரூ காப்பி டாக்டர். ஃபைலுக்கு."

டாக்டர் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்து நகலின் அடியில் கொண்டுபோனார். பேனா அங்கேயே நின்றது. தாளை மேலே இழுத்து அசலை வாசித்தார், முதல் வரியிலிருந்து. பிறகு நகலை வாசித்தார், வரிக்கு வரி ஒப்பிட்டு. இரண்டாம் பத்திக்கு வந்தபோது காதுவரை சிவந்துவிட்டார். தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் முத்திரையை எடுத்துக் குத்தினார். சுழிக்காமல் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடுங்க டாக்டர்," என்றார் அக்கா.